நேரில் பார்த்தது

...நீலம் குடிநீருக்கு, பச்சை கழிவுநீருக்கு, மஞ்சள் காற்றுக்கு, சிவப்பை எதற்கு வைத்தேன், போன வாரம் நானே உட்கார்ந்து வெட்டி ஒட்டிய ஒட்டுத்தாள்கள், இப்போது எனக்கே மறந்துவிட்டது, இந்த லட்சணத்தில் பொறியாளர் உரிமப் பரீட்சைக்கு இன்னும் இருபதே நாள். பதினாறு புத்தகங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரந்து கிடக்கின்றன. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்கிற பரீட்சைக்கு எதற்கு இவ்வளவு பயம் என்று டெல்லின் அம்மா கேட்டாள், என்ன சொல்ல, எட்டு மணி நேரம், எண்பது கேள்வி, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தேடுவதற்குள் பாதி நேரம் போய்விடும், அதனால்தான் இந்த வர்ணம் எல்லாம். உதிரித் தாள் ஒன்றுகூடக் கொண்டுபோகக் கூடாது, கட்டிய புத்தகமாக இருக்க வேண்டும். அதற்காக டெல் காலையிலிருந்து சமையலறையில் நின்று என் குறிப்புகளுக்கெல்லாம் ஓட்டை போட்டு பைண்டரில் கோத்துக்கொண்டிருக்கிறான், சனிக்கிழமை மத்தியானம், வேறு எந்தப் புருஷன் செய்வான். பரீட்சைக்குப் போகிறாயா, வீடு மாற்றிப் போகிறாயா என்று மட்டும் பத்து தடவை கேட்டாகிவிட்டது, தள்ளுவண்டி வேறு வாங்கி வைத்திருக்கிறான். சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிக்க எனக்கு எப்போதும் வரும்.

நாற்பத்தோராவது கணக்கு. தொட்டியில் அறுபதாயிரம் கேலன் தண்ணீர், நிமிடத்துக்கு இருநூறு கேலன் வெளியே போகிறது, உள்ளே தடுப்புச் சுவர் இல்லை, குளோரினோடு தண்ணீர் தங்கியிருப்பதாக எத்தனை நிமிடம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்... வகுத்தால் முந்நூறு, அதில் பாதி, நூற்றைம்பது, பென்சில் தானாகவே எழுதிவிட்டது, நூற்றைம்பது என்று மூன்றாவது விடையாகவும் இருக்கிறது, வட்டம் போட்டுவிட்டேன். பிறகுதான் கேள்வியை மறுபடி படித்தேன். சுவர் இல்லை. சுவர் இருந்தால்தான் தண்ணீர் வளைந்து வளைந்து நிதானமாகப் போகும், பாதி என்று கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒரு ஓரத்தில் நுழைந்து குறுக்கே ஓடி மறு ஓரத்தில் வெளியேறிவிடும், பத்தில் ஒரு பங்குதான் கணக்கு, முப்பது நிமிடம். முப்பது என்று முதல் விடையிலேயே இருந்தது. ஆக, இந்தக் கேள்வியைத் தயாரித்தவர்களுக்கு ஒருத்தி இப்படித் தவறு செய்வாள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, என் தவறுக்கென்று ஒரு எழுத்து ஒதுக்கி அச்சடித்து வைத்திருக்கிறார்கள். இது பயிற்சிக் கணக்கில் வந்த பிழை இல்லை. இந்த நூற்றைம்பதை நான் ஏற்கனவே ஒரு அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

நோர்ட்பி. பெரிய ஏரிக்கரையில் எண்ணூறு பேர் வசிக்கிற ஊர், தொட்டியின் அளவும் தண்ணீர் போகும் வேகமும் இதே கணக்குத்தான். போன ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை. தண்ணீரில் நீச்சல்குள வாடை அடிக்கிறது என்று ஊர்க்காரர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், குளோரினைக் குறைக்கலாமா என்று பார்த்துச் சொல்ல என் மேலதிகாரி ஹாக்ஸ்டாட் என்னை அனுப்பினார். பழைய வரைபடத்தில் தொட்டிக்குள் இரண்டு சுவர்கள் அழகாக வரையப்பட்டிருந்தன. வரைபடத்தை நம்பாதே, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வா என்றுதான் சொல்லி அனுப்பினார், அதையும் மறக்கவில்லை. அங்கே தண்ணீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்வது வெர்ன் கொஸ்கெலா, ஒற்றை ஆள், முப்பது வருஷமாக. ஸ்பேனரை என் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை என்றால் ஓட்டலில் மீனுக்குக் கூட்டம் அலைமோதும், நான் முன்னால் போய் மேசை பிடிக்கிறேன், நீ பார்த்துவிட்டு வா என்று போய்விட்டார். மூடியில் பதினாறு போல்ட்டு. முதல் இரண்டும் துருப்பிடித்து அசையவில்லை, மூன்றாவதில் கை வழுக்கி முட்டி உரிந்தது, வெயில், பசி, காலையில் ஒரு காப்பியோடு கிளம்பியவள்... சுவர் இல்லாமல் எங்கே போகும், வரைந்திருக்கிறார்களே என்று தோன்றியது. அவ்வளவுதான். கால் மணி நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனேன். வெர்ன் வறுத்த மீனையும் கோஸ் சாலட்டையும் எனக்காக வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தியா என்று கேட்டார். ம் என்றேன். பதினாறு போல்ட்டையும் இவ்வளவு சீக்கிரம் கழற்றிவிட்டாயே, கெட்டிக்காரிதான் என்றார். மீன் ருசியாக இருந்தது, அதுவும் நன்றாக நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை அறிக்கையில் 'தடுப்புச் சுவர்கள்: நேரில் பார்த்தது' என்று எழுதினேன். நூற்றைம்பது நிமிடம் கிடைக்கிறது, கிருமி சாக எழுபது இருந்தால் போதும், ஆகவே குளோரினைக் குறைக்கலாம். ஹாக்ஸ்டாட் படித்துப் பார்த்துத் தன் முத்திரையைக் குத்தினார். எனக்கு உரிமம் இல்லையே, அதனால் அவர் பெயர், அவருடைய எண், நாற்பது வருஷத்தில் ஒரு கறை படியாத முத்திரை. வெர்ன் குறைத்துவிட்டார். வாடை போய்விட்டது, ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம், நன்றி சொல்லி அட்டை வேறு அனுப்பினார்கள், அது இன்னும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. வரவில்லையா, வந்தது எனக்குத் தெரியவில்லையா? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் யார் தண்ணீரை நினைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது என்பார்கள். ஜனவரியில் ஏதோ பேச்சு வந்தபோது ஹாக்ஸ்டாட் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்தக் காலத்தில் பாதி ஊர்களில் உள்சுவரைக் கட்டவே இல்லை, செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்கள், படத்தில் மட்டும் இருக்கும். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. டெல் பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஹாக்ஸ்டாட் கொடுத்த சிபாரிசுக் கடிதம் வேறு. இந்தப் பரீட்சைக்கு உட்கார உரிமம் பெற்ற பொறியாளர்கள் நம் யோக்கியதைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார், கண்ணால் பார்க்காத எதையும் இவள் எழுத மாட்டாள் என்று. வாயைத் திறந்திருக்கலாம். அந்த அறையில் இரண்டே பேர்தான் இருந்தோம், கதவுகூடச் சாத்தியிருந்தது. ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னால் என்ன ஆகும், என் விண்ணப்பம் போகும், அது போகட்டும், அவர் முத்திரைக்கு விசாரணை வரும், வருஷக் கடைசியில் ஓய்வு பெறப்போகிற மனிதர்... பார், அவருக்காகத்தான் பேசாமல் இருக்கிறேனாம். வெட்கம் கெட்டவள். சுவர் இருக்கவும் இருக்கலாம் இல்லையா, கட்டிய பாதி ஊர்களில் நோர்ட்பியும் ஒன்றாக இருக்கலாம், வெர்னிடம் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும், இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிம்மதியாக உட்கார்ந்து படிக்கலாம். ஆம், படிப்பதற்காகத்தான் தொலைபேசியை எடுத்தேன். அதை மறைப்பதில் லாபம் இல்லை.

சனிக்கிழமை என்றாலும் அவர் நிலையத்தில்தான் இருந்தார், பம்பு இரையும் சத்தம் கேட்டது. படிப்பெல்லாம் எப்படிப் போகிறது, எங்கள் ஊர்க் கணக்கு ஏதாவது பரீட்சையில் வருமா என்று கேலியாகக் கேட்டார். வரும்போல இருக்கிறது என்றேன். பிறகு, எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக, அந்தத் தொட்டி மூடியை அதற்குப் பிறகு நீங்கள் எப்போதாவது திறந்தீர்களா என்று கேட்டேன்.

"அக்டோபர்ல தெறந்தேன்மா. மிதவை கழண்டு உள்ள விழுந்துருச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா வெறும் தொட்டிதான் தெரிஞ்சுது, சுவரு ஒண்ணும் கண்ணுல படல. ஆனா நீ பாத்ததா எழுதியிருந்தியே. படிச்ச பொண்ணு சும்மாவா எழுதும்? எனக்குத்தான் எப்படி பாக்கணும்னு தெரியலன்னு மூடிட்டு வந்துட்டேன்."

முதலில் வந்தது என்ன தெரியுமா, ஒரு சின்ன ஆறுதல், இவருக்கும் தெரிந்திருக்கிறது, ஐந்து மாதமாக இவரும் சும்மா இருந்திருக்கிறார், பாதி இவர் தலையில்... அந்த நினைப்பு எழுந்த வேகத்தில் எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது. முப்பது வருஷம் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்ட மனிதர் தன் இரண்டு கண்ணையும் விட்டுவிட்டு நான் எழுதிய இரண்டு சொல்லை நம்பியிருக்கிறார். சமையலறையில் டெல் ஓட்டை போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வெர்ன், குளோரின இப்பவே பழைய அளவுக்கு ஏத்திடுங்க. இன்னிக்கே. நான் சொல்றேன்."

"அதுக்கென்ன, இந்த நிமிஷமே ஏத்திடறேன். ஆனா பதிவேட்டுல காரணம் எழுதணுமே. என்னன்னு எழுதட்டும்?"

அவர் பேனாவைத் தேடுவது கேட்டது, மேசை இழுப்பறை திறந்து மூடியது. மார்ச் மாதம், பனி உருகி ஏரி கலங்குகிற சமயம், எல்லா ஊரிலும் இப்போது குளோரினை ஏற்றத்தான் செய்வார்கள், பனி உருகுகிறது என்று சொன்னால் போதும், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள், ஹாக்ஸ்டாட் பெயர் வராது, என் பெயர் வராது, தண்ணீரும் சரியாகிவிடும், அது பொய்கூட இல்லை... சொல்லும்மா, எழுதறேன் என்றார் வெர்ன். காலையிலிருந்து நாற்பத்தொரு கணக்குப் போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் எனக்கு இவ்வளவு வேகமாக விடை வரவில்லை.