ஆறு மணி நேரம் குறைகிறது

இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தலைமை நர்ஸ் எத்தனையோ உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். இன்று நர்ஸிங் கவுன்சில் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிளார்க்கின் உயிரை எடுத்தால் தேவலை என்றிருந்தது.

“லைசென்ஸைப் புதுப்பிக்க முப்பது மணி நேரப் பயிற்சி வேணும் மேடம். உங்களுக்கு இருபத்திநாலுதான் இருக்கு. ஆறு குறையுது.”

“குறையுதா? அஞ்சு வருஷமா முதலுதவி வகுப்பை எடுக்கறதே நான்தான்!”

“எடுத்தது கணக்குல வராது. உட்கார்ந்து கேட்டதுதான் வரும்.”

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் சற்று முன்புதான் வேலை முடிந்து போயிருந்தாள். அந்தப் பெண் நீட்டிய சான்றிதழில் இருந்ததே இவள் கையெழுத்துதான். அவள் கையெழுத்து ஊருக்கெல்லாம் செல்லும், அவளுக்கு மட்டும் செல்லாது. இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரோ, அவனுக்கு ஊசி போடும் நாள் வராமலா போகும் என்று கறுவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையோடு லைசென்ஸ் முடிகிறது. திங்கள் காலையில் அவள் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்க முடியாது. அதற்குள் இருப்பது சனிக்கிழமை வகுப்பு ஒன்றுதான், அதை நடத்துபவளும் அவளே.

கிளார்க் சிரிக்காமல் வழி சொன்னான். “உங்க உதவிப் பயிற்சியாளருக்கும் அங்கீகாரம் இருக்கே. அவங்க நடத்தட்டும், நீங்க உட்காருங்க.”

வீட்டில் இதைச் சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “வாத்தியாரம்மா பெஞ்சுல உட்காரப் போறாங்களா? ஆப்பிள் ஏதாவது கொண்டுபோய்க் குடு, பாஸ் போடுவாங்க!” அன்று முழுக்க அவரோடு அவள் பேசவில்லை.

சனிக்கிழமை கடைசி பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த உதவியாளப் பெண், தன் வாக்கியங்களையே திருப்பிச் சொல்வதை ஆறு மணி நேரம் கேட்டாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாளே என்று பல்லைக் கடித்தாள்.

கடைசியில் தேர்வு. தரையில் பொம்மை. இரண்டு நிமிடம் விடாமல் நெஞ்சை அழுத்த வேண்டும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பச்சை விளக்கு எரிய வேண்டும்.

முதல் அரை நிமிடம் விளக்கு ஜோராக எரிந்தது. பிறகு மூச்சு வாங்கியது, முழங்கை மடங்கியது. விளக்கு விட்டு விட்டு எரிந்து கடைசியில் அணைந்தே போனது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வகுப்பில் பத்து அழுத்து அழுத்திக் காட்டிவிட்டு எழுந்துவிடுவாள். வார்டிலோ சின்னப் பெண்களை அழுத்தச் சொல்லிவிட்டு நேரம் பார்ப்பாள். இரண்டு நிமிடம் முழுசாக அழுத்தி எத்தனை வருடம் ஆயிற்று?

“பரவால்லம்மா, எனக்குத் தெரியாததா? கையெழுத்தைப் போடு,” என்றாள் மெதுவாக.

உதவியாளப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை மட்டும் எடுக்கவில்லை. “வேற யாராவது இப்படி அழுத்தியிருந்தா நீங்க போட்டிருப்பீங்களா சிஸ்டர்?”

அவமானத்தில் காது சுட்டது. மறுபடி மண்டி போட்டாள்.

மூன்றாவது முறை தேறினாள். கையெழுத்தும் கிடைத்தது, லைசென்ஸும் பிழைத்தது. ஒரு வாரமாகக் கிளார்க்குக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைத்தான் யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.