நாலு தேசிக்காய்

குலசேகரத்தின் குளிரங்கிப் பையில் நாலு தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், இருந்தன. டிராக்டர் என்கிற உழவு மிசின் வாங்கப் போகிறவர்கள் நாலு விவரத்தைக் கேட்டுக்கொண்டு போவார்கள். இவர் தேசிக்காயோடு போனார். ஊரில் மாமாவின் மிசினில் வயல் உழுதவர், ஒஸ்லோவில் பதினைந்து வருடமாக பஸ் ஓட்டுபவர். இஞ்சினைப் பற்றி இனி யார் அவருக்குச் சொல்லித்தர இருக்கிறது?

அது 2004 ஏப்ரல். ஒஸ்லோவுக்கு வெளியே, ஸ்ட்ரோம்மனுக்கு அப்பால் குத்தகைக்கு எடுத்த நிலத்தை மே முடிவதற்குள் உழாவிட்டால், சொந்தக்காரர் திருப்பி எடுத்துவிடுவார். அந்த நிலத்தை நம்பித்தான் மனைவி யோகராணி முதியோர் இல்லச் சமையலறை வேலையை விட்டிருந்தாள்.

விற்பனை முற்றத்தில் இரண்டு பழைய மிசின்கள் நின்றன. சிவப்பு அறுபது குதிரைவலு, நீலம் ஐம்பத்தைந்து. அறுபது என்றதும் மனிதர் வேறெதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுமுன்பே சிவப்பின் நாலு சக்கரச் சில்லுக்கும் முன்னால் தேசிக்காயை வைத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ." கூட வந்திருந்த யோகராணி கைப்பையிலிருந்து, முன்பே வாங்கியிருந்த சுழல்கலப்பையின் கையேட்டை எடுத்தாள். "அறுபது எண்டது இஞ்சின்ரை வலு. எங்கடை கலப்பையைச் சுத்துறது பின்னாலை இருக்கிற தண்டு. அங்கை எவ்வளவு வந்து சேருது?"

"நீர் சும்மா இரும். அஞ்சு குறைஞ்சதையே வாங்கச் சொல்லுறீர்?"

அவள் திரும்பி, அதே கேள்வியை விற்பனையாளரிடம் நொர்வீஜிய மொழியில் கேட்டாள். அவர் புருவத்தை உயர்த்திவிட்டு, உள்ளே போய் சோதனைத் தாள்களோடு வந்தார். தேய்ந்துபோன சிவப்பில் தண்டுக்கு வருவது நாற்பத்தைந்து. நீலத்தில் நாற்பத்தொன்பது. கலப்பை கேட்பது நாற்பத்தெட்டு.

குலசேகரத்துக்கு முதலில் முகம் சுருங்கியது. சிவப்பை வாங்கியிருந்தால் குத்தகை நிலத்தின் களிமண்ணில் கலப்பை பாதியில் நின்றிருக்கும், நிலமும் போயிருக்கும். பிறகு, அடக்கமாட்டாத பெருமை வந்தது. வீடிருக்கும் அம்மருட்டிலிருந்து வேலைக்குப் போன ரயிலில் மாதக்கணக்காக அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இதைத்தானா படித்தாள்! சமையல் குறிப்பு என்றல்லவா நினைத்திருந்தார்.

"இதெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று விற்பனையாளர் அவளைக் கேட்டார்.

"ரயிலில்," என்று குலசேகரம் முந்திக்கொண்டார்.

நீலத்துக்குக் கையெழுத்துப் போட்டதும் அவர் குனிந்து தேசிக்காய்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாகக் காற்சட்டையில் துடைத்து, நீலத்தின் சில்லுகளுக்கு முன்னால் வைத்தார். சாவியை யோகராணியிடம் நீட்டினார்.

"ஏறும்."

"நான் ஒருநாளும் மிசின் ஓடினதில்லையேயப்பா."

"நான் நிக்கிறன். மெல்ல விடும்."

இஞ்சின் இருமிப் பிடித்தது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டாள். குலசேகரம் ஒரு பக்கமாக ஒதுங்கி, டிப்போவில் புதுச் சாரதிக்குக் காட்டுவதுபோலக் கையை அசைத்தபடி பின்னோக்கி நடந்தார். பனி உருகி நனைந்த சரளைக்கல்லில் முதல் தேசிக்காய் நசுங்கியது.