பட்டாளத்தார் நட்ட வரிசைகள்

வாழவந்தியில் வேடியப்பனின் காப்பித் தோட்டத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. மலையில் காப்பி நடுகிறவர்கள் சரிவுக்குக் குறுக்கே, மலையின் வளைவை ஒட்டித்தான் வரிசை பிடிப்பார்கள். அப்போதுதான் மழைத்தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் தங்கி இறங்கும். வேடியப்பனோ பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த கையோடு, மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கயிறு கட்டி, அணிவகுப்பு மாதிரி நேர்நேராக நட்டுவிட்டார். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, காப்பிப் பழம் பறித்து வளர்ந்த மனிதர். தெரியாமல் செய்தார் என்று சொல்லவும் வழியில்லை.

முதல் மழைக்கே மேல்மண் கரைந்து, கீழே இருந்த சின்னனின் தோட்டத்தில் போய்ப் படிந்தது.

"பட்டாளத்தாரே, உங்க மண்ணு லெப்ட் ரைட் போட்டு என்ற தோட்டத்துக்கு வந்துருச்சுங்க. திருப்பி அனுப்பட்டுங்களா, இங்கயே டூட்டி போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார் சின்னன்.

வேடியப்பன் சிரித்தபடி கூடையோடு இறங்கினார். அந்த வருஷம் மட்டுமல்ல, அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் கீழே போய் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து வந்து செடிக்குச் செடி அணைத்தார். மாற்றி நடச் சொல்லிச் சொல்லி ஊரே அலுத்துப்போனது.

அவர் இறந்து இப்போது ஒரு மழைக்காலம் போய்விட்டது. மண் சுமக்க ஆளில்லை. பழம் பறித்து முடித்த பிறகு மகள் சுதாராணி தோட்டத்தைச் சுற்றி வந்தாள். வேர்கள் விரல்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இலைகள் மஞ்சளித்துவிட்டன. அடுத்த மழைக்குள் பழைய செடிகளை எடுத்துவிட்டு, வளைவாகக் குழி வெட்டிப் புதிதாக நட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டம் தேறாது.

அம்மா பொன்னாயி ஒரே பிடியாக நின்றாள்.

"செடியில யாராச்சும் கை வெச்சா நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன். அவரு கையால நட்டதாக்கும்."

"அவரு நட்டது காப்பிம்மா. கல்வெட்டு இல்ல."

"வாய் மட்டும் அப்படியே அவரு வாய்."

பேச்சில் விட்டுக்கொடுக்கவில்லையே தவிர, சுதாராணிக்கும் கை வரவில்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் அவள் வார்டன். தினமும் ஸ்கூட்டரில் வளைவுகளைக் கடக்கும்போது அப்பாவின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். சில நாள் வரும். சில நாள் அவர் சொன்ன சொற்கள் மட்டும் வரும், குரல் வராது. அப்படி நாளுக்கு நாள் அவர் அவளிடமிருந்து கழன்றுகொண்டிருந்தார். இந்த வரிசைகளும் போய்விட்டால், இந்த மலையில் அவர் இருந்ததற்கு என்ன மிச்சம்? வெட்டினால் அவர் போய்விடுவார். வெட்டாவிட்டால் செடி போய்விடும். இரண்டுக்கும் நடுவில் பல வாரங்கள் ஓடிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அளந்தாவது பார்ப்போம் என்று முளைக்குச்சிகளையும், கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் டியூபையும் எடுத்துக்கொண்டு தோட்டத்தின் உச்சிக்கு ஏறினாள். அங்கே ஒரு தட்டைப் பாறை. அப்பா காலையும் மாலையும் உட்கார்ந்திருந்த இடம். அது அவருடைய நாற்காலி என்பதுபோல வீட்டில் வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. மூச்சு வாங்கியதில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்ததும் கண் தானாகக் கீழே போனது. இரண்டு வரிசைகளுக்கு நடுவே கீழ்வேலி வரைக்கும் துடைத்துவிட்டது போல வழி தெரிந்தது. அடுத்த இடைவெளியும் அப்படியே. அதற்கடுத்ததும். சின்னனின் தலைத்துண்டு தெரிந்தது. ஒரு கோழி குறுக்கே ஓடியது தெரிந்தது. இந்தப் பாறையில் இருப்பவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பூனைகூட மேலே ஏறி வர முடியாது.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பஸ்ஸில் கடைசி சீட் கிடைக்காவிட்டால் அப்பா நின்றுகொண்டே வருவார். கல்யாண மண்டபத்தில் சுவரோரம் முதுகைக் கொடுத்து நிற்பார். சேர்வராயன் கோயிலில் எல்லோரும் குகைக்குள் குனிந்து போகும்போது அவர் மட்டும் வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். அதையெல்லாம் பட்டாளத்து மிடுக்கு என்று அவள் தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறாள்.

பொன்னாயி தூக்குப்போசியில் காப்பியோடு மேலே வந்தாள். மகள் பாறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றாள்.

"அம்மா, அப்பா எதுக்குப் பயந்தாரு?"

பொன்னாயி தூக்குப்போசியைத் திறந்தாள். காப்பியை ஊற்றினாள், ஆற்றினாள்.

"எல்லையில புதருக்கு நடுவால நடந்து போயிட்டு இருந்தாங்களாம். கூட மெல்வின்னு ஒரு பையன். புதருக்குள்ள ஆளிருந்தது ஒருத்தருக்கும் தெரியல. சிரிச்சுப் பேசிட்டு இருந்தவன் குண்டு பட்டு அப்படியே உழுந்துட்டான். கல்யாணமான புதுசுல ஒருக்கா சொன்னாரு. அப்புறம் சொல்லவே இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்ற முன்னால பயந்தவரா நிக்க அவருக்குப் புடிக்கல கண்ணு. ஊரு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும்னு மண்ணு சொமந்தாரு."

சுதாராணி காப்பியைக் குடிக்க மறந்தாள். வீரர் என்று நினைத்திருந்தவர் சிறுத்துப்போவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படி நடக்கவில்லை. பயத்தை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் அவளுக்குத் தலை பின்னிவிட்டார், திருவிழாவுக்குத் தோளில் தூக்கிப் போனார், சின்னனோடு சிரித்தார். ஒளித்துவைத்திருந்த அந்த மனிதர் இப்போதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. குரலைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"அப்பாவோட காவல் டூட்டி முடிஞ்சுது இல்லீங்களாம்மா," என்றாள் மெல்ல. "இனி இந்த வரிசைய யாருக்காக வெச்சுக்கறது?"

பொன்னாயி கீழ்வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகினாள்.

"அந்த டியூப எப்படிப் புடிக்கோனும்? வெளக்கமாச் சொல்லு. தண்ணியக் கொட்டிட்டேன்னு அப்புறம் என்னய வையக் கூடாது."

"டியூப்புல போட்டிருக்கற கோட்டுக்குத் தண்ணி நேரா நிக்கோனும். அவ்வளவுதான்."

கீழிருந்து சின்னன் கத்தினார். "என்ன கண்ணு, அம்மாவும் மகளும் மட்டம் புடிக்கறீங்க! அப்ப இனி எனக்கு ஓசி மண்ணு கெடையாதா?"

"கெடையாதுங்க மாமா! வேணும்னா கூடையோட மேல வாங்க!"

பொன்னாயி டியூபின் ஒரு முனையைப் பிடித்து நின்றாள். சுதாராணி மறுமுனையோடு மலையை ஒட்டி நகர்ந்தாள். தண்ணீர் கோட்டில் நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு குச்சி அடித்தாள். வரிசை மெல்ல வளைந்தது. சில்வர் ஓக் மரங்களைத் தாண்டியதும் அவள் மலையின் திருப்பத்துக்குப் பின்னால் மறைந்துபோனாள்.

"ஏங்கண்ணு, எங்கிருக்கற? இங்கிருந்து ஒண்ணுமே தெரியலியே!"

"இங்கதாம்மா இருக்கேன். தெரியாட்டிப் பரவால்ல, நீங்க புடிச்சுக்கோங்க," என்றபடி அவள் அடுத்த குச்சியை ஊன்றினாள்.