அமாவாசைக்கு முறை இல்லை

இது நான் சொல்கிறபடியேதான் நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. வருடமே சரியாக நினைவில்லை. தொண்ணூற்றெட்டாக இருக்கலாம், அதற்கு அடுத்ததாகவும் இருக்கலாம். பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்து கந்தப்பக் கவுண்டர் தலைவராகி ஓராண்டாவது கடந்திருந்தது. தை அமாவாசை என்பது மட்டும் உறுதி. அந்த ஊரில் இன்றைக்குக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். சத்துணவு ஆயா மோட்டார் போட மறந்துவிட்டாள், அதனால்தான் ஹைஸ்கூல் கைவிட்டுப் போனது என்பார்கள். ஊரே ஒன்றுபோலச் சொல்வதை ஒருவன் மட்டும் வேறாக நினைவு வைத்திருந்தால் சந்தேகம் அவன்மேல்தான் வர வேண்டும். எனக்கே வருகிறது.

நான் காரமடைக்காரன். சோமனூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராகப் போனேன். ஊர் முழுக்க விசைத்தறிச் சத்தம். அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசுவது எனக்கு எப்போதும் சிரமமாக இருந்தது. கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன்.

பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்தது. பையன்கள் சைக்கிளில் சோமனூர் போய் ஒன்பதாவது படித்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்களைச் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். மற்றவர்கள் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனார்கள். இல்லையென்றால் பல்லடம் பக்கத்து நூற்பு மில்லின் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அந்த வருடம் எட்டாவதில் கிருபா இருந்தாள். சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவி, பள்ளியைக் கூட்டிக்கொண்டிருந்த சின்னத்தாயியின் மகள். புத்தகத்திலிருந்த இலையின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, பிளேடால் ஓர் அரளி இலையை அறுத்துக்கொண்டு வந்து, "இதுல அப்படி இல்லீங்களே சார்" என்றவள். அவளுடைய அப்பா ஜெரோம், குழந்தையம்மாள் என்பவரின் தறிக்கூடத்தில் தறி ஓட்டினார். மில்லுக்கு ஆள் பிடிப்பவர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போயிருந்தார். ஜெரோம் என்னிடம் தெளிவாகவே சொன்னார்:

"உள்ளூர்ல ஒம்பதாவது வந்தா படிக்கட்டுங்க சார். சோமனூருக்கெல்லாம் பஸ்ஸுல அனுப்பமாட்டனுங்க. ஜூன் வரைக்கும் பாக்கறேன். அப்பறம் மில்லுதான்."

உள்ளூரில் ஒன்பதாவது வரும்போலத்தான் இருந்தது. பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கக் கேட்டு ஊர் மனுப் போட்டிருந்தது. நிலம் கொடுத்தாயிற்று. பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை கட்டியாயிற்று. கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தடவை வந்து பார்த்துவிட்டால் போதும். இன்ன நாள் என்று சொல்லவில்லை. தை மாதத்துக்குள் வருவோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி மைதானத்தில் ஒன்றியம் ஒரு போர்வெல் போட்டு, மோட்டார் வைத்து, மேல்தொட்டியும் கட்டிக் கொடுத்திருந்தது. பள்ளிக்கும் பால்வாடிக்கும் எதிரிலிருந்த நர்சம்மா கட்டடத்துக்கும் அந்த ஒரே தொட்டியிலிருந்துதான் தண்ணீர். புதுப் பஞ்சாயத்து வந்ததும் ஒன்றியம் அதை ஊரிடம் ஒப்படைத்தது. மோட்டார் போட ஆள் வைக்கப் பஞ்சாயத்துக்கு வழியில்லை. கந்தப்பக் கவுண்டர் ஒரு யோசனை சொன்னார்.

"நம்ம கூட்டுக்கெணத்துக்கு எப்படியோ, இதுக்கும் அப்படி. முறை வெச்சுக்கலாம்."

அந்தப் பக்கத்தில் ஒரு கிணற்றைப் பங்காளிகள் பலர் பங்கிட்டு இறைப்பார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒருவன் முறையில் இன்னொருவன் மோட்டாரைத் தொடக் கூடாது. பொழுது விழுந்தால் முறை முடிந்தது, சாவி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அமாவாசைக்கு ஏர் பூட்ட மாட்டார்கள், கிணறும் இறைக்க மாட்டார்கள். அன்று யாருக்கும் முறை இல்லை. இந்தச் சட்டத்தை அப்படியே பள்ளி மோட்டாருக்கும் எடுத்துக்கொண்டார்கள். நிலமுள்ள வீடுகள் முறை எடுத்துக்கொண்டன. சின்னத்தாயியின் வீடிருந்த காலனிக்கு நிலமில்லை, ஆகவே முறையும் இல்லை.

அது நன்றாகவே நடந்தது. அரசாங்கம் நடத்திய எதையும்விட ஒழுங்காக நடந்தது என்றுதான் சொல்வேன். அமாவாசைக்கு முந்தின நாள் முறைக்காரர் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். மறுநாளுக்கு அது போதும்.

அந்தத் தை அமாவாசை அன்று காலையில் குழந்தையம்மாள் வீட்டுப் போனுக்குச் செய்தி வந்தது. கணவர் இறந்தபிறகு தறிகளைத் தானே பார்த்துக்கொண்டவர் அவர். அந்தத் தெருவில் போன் இருந்த வீடு அதுதான். உடனே பள்ளிக்கு ஆள் அனுப்பினார். "ஆபீசருங்க சோமனூர்ல இருக்கறாங்களாம். மத்தியானத்துக்குள்ள இங்க வாராங்களாம்."

தலைமையாசிரியர் நரசிம்மலு வகுப்பறைகளைச் சரிபார்க்க ஓடினார். சின்னத்தாயி கழிப்பறையைக் கழுவப் போய்க் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை.

"தொட்டி காலிங்க சார்" என்று என்னிடம் வந்து நின்றார். "சாவி யாரு ஊட்ல இருக்குதுன்னு கேட்டுக் குடுங்க சார்."

நான் நரசிம்மலுவிடம் போனேன். அவர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"ஸ்கூல் பேர்ல கேக்காதீங்க. ஒரு தடவை நாம சாவியைக் கையில வாங்கினா அவ்வளவுதான். நாளைக்கு மோட்டார் புகைஞ்சாலும் நம்ம தலை, பைப்பு உடைஞ்சாலும் நம்ம தலை. நீங்க ஊர்க்காரரா போய்க் கேளுங்க."

"நான் ஊர்க்காரன் இல்லையே சார்."

"வாடகை குடுக்கறீங்கல்ல? போங்க."

சாவி குழந்தையம்மாள் வீட்டில்தான் இருந்தது. சின்னத்தாயி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன்.

"வாங்க சார், உக்காருங்க. மோர் கொண்டாரட்டுங்களா?"

"சாவி வேணுங்க. தொட்டியில தண்ணி இல்ல."

"சாவி இங்கதானுங்க இருக்குது. ஆனா முறை எங்களுக்கு நாளைக்குத்தானுங்களே."

"இன்னிக்கு யார் முறைங்க?"

"இன்னிக்கு அமாவாசைங்க சார்." இதைக்கூடத் தெரியாதவனா என்பதுபோலப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "எங்கூட்டுக்காரரும் அவிய அண்ணனும் ஒரே கெணறுங்க. சின்ன வெங்காயம் காஞ்சுட்டிருந்துதுன்னு ஒரு நாள் அண்ணன் முறையில இவரு மோட்டாரைப் போட்டுட்டாரு. அரை மணி நேரம் இருக்கும். அன்னைக்கு நின்ன பேச்சுங்க. இவரு செத்தப்பக்கூட அவிய வரலீங்க. அது உங்களுக்குத் தெரியாது."

கேட்டிலிருந்து சின்னத்தாயியின் குரல் வந்தது.

"அம்மணி, நீங்க போட வேண்டாமுங்க. சாவியைக் காம்பவுண்டு மேல வெச்சுப்போட்டு உள்ள போயிருங்க. நான் பாத்துக்கறனுங்க."

"உன்ற கையில குடுத்தேன்னா நாளைக்கு எம்மேல ஏறிக்குவாங்க சின்னத்தாயி. உனக்கு முறையே கெடையாதே." அதில் கோபமே இல்லை. என்னிடம் திரும்பி, "நேத்து முறை பாலுசாமி மாமனுதுங்க. அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், எடுத்துக் குடுத்துப்போடறேன்" என்றார்.

பாலுசாமி காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், அமாவாசையும் அதுவுமா வாத்தியாருக்கு மோட்டார் ஆசை வந்துபோச்சு?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நேத்து கரண்ட்டே இல்லீங்க சார். மத்தியானத்துல இருந்து மோட்டார் ரூம்லயேதான் உக்காந்திருந்தேன். பொழுது உழுந்துது, சாவியைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டேன். அப்பறம்தான் கரண்ட்டு வந்துது. நான் என்னங்க பண்றது?"

"இப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

"முறை முடிஞ்சவன் எப்படீங்க சொல்றது? தலைவரைக் கேளுங்க. அவரு சொன்னாச் செரி."

தலைவர் தன் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் பேரூருக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் அவருடைய மகன் அருண்குமார் எனக்கு நாற்காலி போட்டான். "அப்பா வந்துருவாங்க சார். இருந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்றான்.

அந்தக் காலையில் எங்கள் முகத்தில் அறைந்தாற்போலக் கதவைச் சாத்தியவர் யாருமில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். பாலுசாமி மின்சாரமில்லாத அறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தவர். யாரிடம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சின்னத்தாயியும் பள்ளிக்குத் திரும்பி நடந்தோம்.

பள்ளி வாசலில் ஜெரோம் நின்றிருந்தார். அமாவாசைக்குத் தறிகள் ஓடவில்லை.

"ஒரு கல்லு போதுங்க சார் அந்தப் பூட்டுக்கு."

"ஒடைச்சுப்போட்டு எங்க போவ?" என்றார் சின்னத்தாயி. "நாளைக்கு அவிய தறியிலதான் நிக்கோணும். கொடத்தை எடு."

காலனியின் அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். சின்னத்தாயி, ஜெரோம், கிருபா, காலனியிலிருந்து வந்த இன்னும் சில பெண்கள். நானும் இரண்டு வாளி எடுத்தேன். ஊருக்குள்ளிருந்து வந்த மற்ற மாணவிகள் வகுப்பு வாசலில் நின்று பார்த்தார்கள். அந்தப் பம்பில் தண்ணீர் எடுக்க அவர்கள் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். கழிப்பறையின் டிரம் நிறைந்தபோது ஜீப் வந்தது.

அதிகாரி ஒரு பெண். யாஸ்மின் என்று பெயர். அவசரப்படாமல் பார்த்தார். வகுப்பறைகள் பிடித்திருந்தன. கொடுத்த நிலத்தை நடந்தே சுற்றினார். ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பாலுசாமி சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், குழந்தையம்மாள் நல்ல சேலையில் வந்திருந்தார். யாரோ கலர் பாட்டில்கள் வாங்கி வைத்திருந்தார்கள்.

புதுக் கழிப்பறையில் அவர் டிரம்மைப் பார்த்தார். பிறகு குழாயைத் திருகினார். காற்று சீறி நின்றது. அடுத்த குழாய். அதற்கடுத்தது.

"மோட்டார் யார் பொறுப்பு?"

"பஞ்சாயத்துங்க மேடம்" என்றார் நரசிம்மலு.

"ஒன்றியம் போட்டுக் குடுத்ததுங்க" என்றது ஒரு குரல்.

"முறைங்க மேடம்" என்றார் பாலுசாமி.

"சரி. இன்னிக்கு யார் முறை?"

தறிச் சத்தமில்லாத அந்த ஊரை நான் அதற்குமுன் கவனித்ததில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள், அவ்வளவுதான்.

"நானுங்கம்மா" என்றார் சின்னத்தாயி. "என்ற பொறுப்புங்க. மறந்துபோட்டேன். இப்பப் போட்டறனுங்க."

அதிகாரி அவரைப் பார்த்தார், அவர் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார்.

"அவங்களுக்கு முறையே கிடையாது மேடம்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "சாவியும் கிடையாது."

"அப்ப யாருக்கு சார்?"

நான் குழந்தையம்மாளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் இல்லை என்பதுதானே உண்மை. அதையே சொன்னேன்.

யாஸ்மின் திறந்த குழாயை மூடினார். "நல்ல ஊருதான்" என்றார். "ஆனா வயசுக்கு வந்த பொண்ணுங்க நாள் பூரா இங்க இருக்கணும். தண்ணிக்குப் பதில் சொல்ல ஒருத்தராவது வேணும். அடுத்த வருஷம் பாப்போம்."

ஜீப் போனபிறகு கூட்டமும் கலைந்தது. சின்னத்தாயி சோற்றுப் பாத்திரங்களைக் கழுவ உட்கார்ந்திருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"யாராச்சும் ஒருத்தர் ஒத்துக்கிட்டா, திட்டிப்போட்டு உட்டுருவாங்கன்னு நெனச்சனுங்க சார்."

சாயங்காலம் கந்தப்பக் கவுண்டர் திருநீற்றோடு வந்தார். கேட்டுவிட்டு உண்மையாகவே தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில், அமாவாசைக்கும் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யார் என்று வெகுநேரம் பேசினார்கள். ஆயாதான் தன் பொறுப்பு என்று அதிகாரியிடமே ஒத்துக்கொண்டாளே, அவளுக்கே விட்டுவிடலாம் என்றார் ஒருவர். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அடுத்த அமாவாசைகூட வரவில்லை; மாசி பிறப்பதற்குள்ளேயே, ஆயா மறந்துவிட்டாள் என்ற பேச்சு என் வகுப்புப் பிள்ளைகள் வாயில் இருந்தது.

உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊருக்குப் போனது. அடுத்த வருடம் யாரும் வந்து பார்க்கவில்லை. கிருபா ஜூன் மாதம் மில் வேனில் ஏறினாள். பல்லடத்தில் ஆறேழு வருடம் வேலை செய்து, திருமணமாகி அவினாசிப் பக்கம் இருக்கிறாள், இருமல் இருக்கிறது. ஜெரோம் இறந்துவிட்டார். சின்னத்தாயி ஓய்வு பெறும்வரை அமாவாசைதோறும் மோட்டார் போட்டார். இப்போது மகளோடு இருக்கிறார். குழந்தையம்மாள் தறிகளை விற்றுவிட்டுக் கோவையில் மகனோடு இருக்கிறார். பாலுசாமிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கந்தப்பக் கவுண்டர் அடுத்த தேர்தலில் தோற்றார். நரசிம்மலு ஓய்வு பெற்ற மறுவருடம் இறந்தார். பள்ளி இன்னும் எட்டாம் வகுப்பு வரைதான், பிள்ளைகள் குறைவு. நான் காரமடைக்கு மாற்றலாகி, அங்கேயே ஓய்வு பெற்றேன்.