தூங்குமூஞ்சி மரத்தில் ஒருத்தி

இசக்கிசெல்வி வாயைத் திறந்தால் கேட்கிறவன் கையிலிருக்கும் சாயா ஆறிப்போகும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் அடைந்து கிடக்கும் கிடங்குகளுக்கு நடுவே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் தள்ளுவண்டி போட்டுச் சாயா விற்கிறாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். சாயங்காலம் சுமை இறக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் அங்கே கூடுவது பாதி சாயாவுக்கு, பாதி அவள் பேச்சுக்கு. ரேஷன் கடையில் நடந்த சண்டையை அவள் சொன்னால், சண்டை போட்டவர்களே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள். அதைப் பொய் என்று அவள் நினைத்ததில்லை. சாயாவில் இஞ்சி தட்டிப் போடுகிற மாதிரி அது.

அந்த மரத்தை வெட்டியே தீருவது என்று கிளம்பினார் விஸ்வநாத். தெருவின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு அவர் செயலாளர். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் ஊறிப்போன தமிழ்க் குடும்பம். மழையில் ஒரு கிளை முறிந்து அவருடைய ஸ்கூட்டர் அப்பளமாகிவிட்டது. கோபம் நியாயம்தான். மரம் நிற்கும் மூலை அசோசியேஷனுடைய இடம், கூட்டத்தில் கை தூக்கினால் போதும், ஆள் வந்து சாய்த்துவிடுவான். பிறகு அங்கே வாகனம் நிறுத்த ஷெட் வரும். சாயா வண்டி போகவேண்டியதுதான். பஜார் ரோட்டில் வேறு இடம் தேடினால் ஒரு சாண் கிடைக்காது, அது இசக்கிசெல்விக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளும் போனாள். தலைவி கமலாக்ஷி டீச்சர் நல்ல மனுஷி.

"செல்வியும் பறயட்டும். கேக்கறதில நமக்கென்ன நஷ்டம்" என்றார்.

இசக்கிசெல்வி எழுந்தாள். நிழல் என்றாள், காற்று என்றாள், கொக்குகள் கூடு கட்டியிருப்பதைச் சொன்னாள். ஒருவர் செல்போனை எடுத்தார். இன்னொருவர் கொட்டாவி விட்டார். விஸ்வநாத் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் கையை விட்டுப் போவது பேசுகிறவளுக்குத் தெரியாதா? கிளை விழுந்த சாயங்காலத்துக்கு வந்தாள். அன்று நடந்தது இவ்வளவுதான்: வண்டிப் பக்கம் நின்றவள் சாயாச் சக்கையைக் கொட்ட சாக்கடை ஓடை வரைக்கும் போனாள், அவள் நின்ற இடத்திலும் பக்கத்திலிருந்த ஸ்கூட்டர் மேலும் கிளை விழுந்தது. இதைச் சொன்னால் யார் நிமிர்வார்கள்? குரல் தானாகவே தாழ்ந்தது.

"கேளுங்க. மழையில குனிஞ்சு நிக்கேன். மேல இருந்து ஒரு சத்தம். 'செல்வி, அங்க நிக்காத, இந்தப் பக்கம் வா'ன்னு. நிமிந்து பாக்கேன். கொப்புல ஒரு பொம்பள. இடுப்புல பிள்ளை. முடி அவுந்து தரை வரைக்கும் தொங்குது. என்னையே பாக்கா. நான் தள்ளி வந்தேன், கொப்பு விழுந்துட்டு. அவ இல்லன்னா இண்ணைக்கு உங்க முன்னால நிக்க நான் ஏது?"

அவிழ்ந்த முடியைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதுவாக வந்து விழுந்தது. செல்போன் கவிழ்ந்து கிடந்தது. யாரோ எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்கள். மரத்தை வெட்ட ஒரு கைகூட உயரவில்லை.

"மரம் அங்கேயே நிக்கட்டும். அதாக்கும் நல்லது" என்றார் விஸ்வநாத், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

இசக்கிசெல்விக்குக் கால் தரையில் படவில்லை. பேசியே ஒரு மரத்தைக் காப்பாற்றிவிட்டாளே, பெருமை இருக்காதா.

மறுநாள் பகல் வியாபாரம் வழக்கம்போல நடந்தது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஒருத்தரையும் காணோம். மழைக்குப் பயந்திருப்பார்கள் என்று நினைத்தாள். அடுத்த நாள் மழை இல்லை, ஆளும் இல்லை. சாயாப்பொடியை மாற்றினாள். பலகாரத்துக்குப் பழம்பொரி போட்டாள். போட்டதையெல்லாம் வீட்டுக்கே கொண்டுபோனாள். நன்றாகப் பேசி ஜெயித்த பிறகு ஏன் ஈ ஓட்ட வேண்டியிருக்கிறது என்று எப்படி யோசித்தும் பிடிபடவில்லை. யாரிடம் என்ன தப்பாகப் பேசினோம் என்று பழைய பேச்சையெல்லாம் கிளறிப் பார்த்தாள். இதற்கு நடுவே மரத்தில் யாரோ நீளமாக ஒரு இரும்பாணி அடித்திருந்தார்கள். ஃப்ளெக்ஸ் கட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் வசதியாக இருந்ததால் கரித்துணியை அதில் தொங்கவிட்டாள்.

இடக்கொச்சியிலிருந்து மீன் வண்டி ஓட்டிவரும் ஷங்கர் அவளுடைய பழைய வாடிக்கை. ஒருநாள் சாயங்காலம் ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டு, சாயாவை அங்கே கொண்டுவரும்படி சைகை காட்டினான். கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள்.

"என்ன தம்பி, அங்க வந்து குடிச்சா ஆகாதா?"

"அக்கா, அந்த ஆணியில துணி போட்டது நீங்களா?" அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "வேகம் எடுத்துருங்க. அது அவளைக் கெட்டி நிறுத்தறதுக்கு அடிச்சதாக்கும்."

"எவள?"

"நீங்கதானே கண்டது. முடிய அவுத்துப்போட்டு மரத்துல இருக்கறது யட்சியல்லே. ரத்தம் குடிக்கறவ. சந்தியா கழிஞ்சா ஆரு அந்தப் பக்கம் போவா?"

இசக்கிசெல்வி திருதிருவென விழித்தாள். அவள் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நிற்பவள் இசக்கியம்மன். அவள் பெயரைத்தான் இவளுக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்றாலும் காய்ச்சல் என்றாலும் விளக்கு வைத்த பிறகு ஜனங்கள் அவளைத் தேடித்தான் போவார்கள், பானை வைத்துப் பொங்குவார்கள். இவள் ஒரு தாயை அல்லவா சொன்னாள், இவர்கள் யாரைக் கேட்டுவிட்டுப் போனார்கள்? தப்பு சொன்ன வாயிலா, கேட்ட காதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று துணியை எடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். பொம்பளையும் இல்லை, பிள்ளையும் இல்லை, சக்கை கொட்டப் போனேன், கொப்பு விழுந்தது, அவ்வளவுதான். சொல்லச் சொல்ல அவளுக்கே சப்பென்று இருந்தது. கேட்டவர்கள் பாவம் என்று பார்த்தார்கள். பயந்துபோய் மறைக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பொய்க்கு அப்படி வளைந்துகொடுத்த குரல் உண்மைக்கு ஏன் இப்படிச் சண்டித்தனம் பண்ணுகிறது? அழுகையாக வந்தது. கமலாக்ஷி டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், சத்தியமா அது நான் கெட்டிவிட்ட கதை. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இதிலொண்ணும் விசுவாசமில்ல கேட்டோ. பின்னே, வெறுதே எதுக்கு வம்புன்னுதான் நானும் அந்த வழியா வரல்லை. நீ கெட்டிச் சொன்னதுன்னா, சாயங்காலம் எல்லாரும் காண அந்த ஆணியைப் பிடுங்கிப் போடு. முதல் சாயா எனக்குத் தா."

இதைவிடச் சுலபமான வழி உண்டா? சாயங்காலம் இடுக்கியோடு வந்தாள். எதிர்ப்புறம் டீச்சர், விஸ்வநாத், ஷங்கர், சுமைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. மரத்தின் இலைகள் வழக்கம்போல மடங்கத் தொடங்கியிருந்தன. இடுக்கியால் ஆணியின் தலையைக் கவ்விப் பிடித்தாள்.

ஒரு இழுப்புதான். இழுத்தால் யார் வெளியே வரப்போகிறார்கள்? யாருமில்லை. அப்படி யாராவது இருந்தாலும் அது அம்மன்தானே, அம்மனுக்கு ஆணி எதற்கு? இல்லாத அம்மனுக்கு ஆணி இருந்தால்தான் என்ன? ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழம்பியது. சக்கையை எப்போதும் கடை கட்டும்போதுதான் கொட்டுவாள். அன்றைக்கு மட்டும், அந்தக் கொட்டுகிற மழையில், பாதிகூட நிறையாத வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடை வரைக்கும் எதற்குப் போனாள்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

இசக்கிசெல்வி ஆணியை விட்டாள். இடுக்கியை மெல்ல எடுத்து வண்டியில் வைத்தாள். தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"இருக்கட்டும் டீச்சர்" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினாள்.