தம்பி முகம் வரவில்லை

தம்பி வீட்டை விட்டுப் போன நான்காம் நாள், காவல் நிலைய எழுத்தர் கேட்டார். "போட்டோ இருக்காம்மா?"

அக்கா நீட்டியது அவனுடைய பள்ளிக்கூடப் படம். பன்னிரண்டு வயதில் எடுத்தது. இப்போது இருபத்தாறு. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோய்விட்டான்.

"இந்தப் பையன நான் எங்கம்மா தேடுறது? இப்ப எப்படி இருப்பான்னு தெரிய வேணாமா?"

அவள் தையற்கடையில் துணி வெட்டுகிறவள். கழுத்து, கை, இடுப்பு என்று கோடு போட்டே பதினைந்து வருடம் ஓடிவிட்டது. ஒரு முகத்துக்குக் கோடு போட முடியாதா என்று நினைத்தாள். சாப்பாட்டு நேரத்தில், மீந்துபோன கறுப்பு லைனிங் துணியை விரித்துச் சாக்கட்டியை எடுத்தாள். அதற்கு முன் படம் என்று எதையும் வரைந்ததில்லை.

முட்டை மாதிரி ஒரு வட்டம் வந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. மூக்கு நீளமா, சப்பையா? ஒரே வீட்டில் வளர்ந்தவனின் மூக்கு நினைவுக்கு வரவில்லை. கடைசிச் சண்டையில்கூட, "எங்கயாவது போய்த் தொலை" என்று துணி மடித்துக்கொண்டே சொன்னாளே தவிர, தலை நிமிரவில்லை.

வரையத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு முகம் கூடிவந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவன் இல்லடி. உங்க அப்பா."

அப்பா இறந்து பத்து வருடம். அம்மா துணியைத் திருப்பித் தரவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பேருந்தில் யாரோ ஒருவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு வருடம் தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தே வேலைக்குப் போயிருக்கிறாள். பார்த்ததெல்லாம் முதுகுதான்.

அன்று சாக்கட்டி நிற்கவில்லை. மடிந்த காது நுனி, ஓரம் தள்ளிய தலைச்சுழி, தாழ்ந்த இடது தோள். தேநீரோடு வந்த தையல் மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"நம்ம தம்பி," என்றார்.

காவல் நிலையத்தில் எழுத்தரும் அதை விரித்துப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்கம்மா. ஆனா முதுக வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" அவர் சிரிக்கவில்லை. சுழியையும் காதையும் குறித்துக்கொண்டு, "சொல்லி அனுப்புறேன்," என்றார்.

ஐந்து மாதமாகத் தகவல் இல்லை. அக்கா நோட்டும் பென்சிலும் வாங்கிவிட்டாள். மாஸ்டரை உட்காரவைத்துப் பழகுகிறாள்.

"மூக்கக் கொஞ்சம் சின்னதாப் போடேன்," என்பார் அவர்.

"இருக்கறதுதான் வரும் மாஸ்டர்."

நோட்டில் மாஸ்டர் முகம் வந்துவிட்டது. பேருந்து நடத்துநர் முகம்கூட வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தம்பியை வரைய உட்கார்ந்தால் முட்டையோடு நிற்கிறது.

"வந்துச்சா?" என்று அம்மா நோட்டை எட்டிப் பார்க்கிறாள்.

"இல்லம்மா."

"சாப்ட்டுட்டு உக்காரு."

சாப்பிட்டுவிட்டு உட்காருகிறாள்.