முயல் தீவுக்குப் போன ஞாயிறு

"படகுல ஏறும்போது உங்க கையப் புடிச்சு ஏத்திவிட்டது யாருங்க்கா?"

"நீங்கதான் மேடம்."

"நானில்லீங்க. லைன் சூப்பர்வைசர். பேப்பர்ல அப்படித்தான் இருக்குது."

"நீங்களே புடிச்சதா இருக்கட்டுமே. அந்தாளு கையப் புடிச்சு நான் ஏறுனேன்னு எழுதி வச்சிருக்கீங்களே, எங்க வீட்டுக்காரரு காதுல விழுந்தா என்ன ஆவும்?"

செல்லத்தாய் இப்படிக் கேட்டதும் அறையில் இருந்த மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் ஆயம்மாள் மட்டும் பொத்தாமல் சிரித்தாள். "நானு படகுலயே வாந்தி எடுத்துட்டேன்னு சொல்லட்டுங்களா கண்ணு? அப்பத்தான் நம்புவாங்க. எனக்கு பல்லடம் பஸ்ஸுலயே குமட்டுது."

விஜயகுமாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கையிலிருந்த நான்கு பக்க அறிக்கையைத் திருப்பினாள். அவள் திருப்பூரில் குழந்தைச் சட்டைகள் தைக்கும் ஒரு பேபி வேர் கம்பெனியின் தொழிலாளர் நல அலுவலர். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டு நாளில் உடைகளை வாங்கும் வெளிநாட்டு பையரின் சார்பில் ஆடிட் வருகிறது. ஆடிட் செய்பவர் யாராவது ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். ஓவர்டைம் உண்டா, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா, கம்பெனி உங்களை எங்காவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொடுத்து, திரும்பக் கேட்டு, மனதில் பதிய வைக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில்தான் இந்த நான்கு பக்கம். சென்ற ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாற்பது தொழிலாளர்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் முயல் தீவுக்கு இன்பச் சுற்றுலா போய்வந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. யாரும் எங்கும் போகவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா மேடம்?" செல்லத்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரி, திருப்பூருக்கு வருவதற்கு முன்னால் உப்பளத்தில் வேலை பார்த்தவள். "முயல் தீவுக்குப் படகே வேண்டாம். ஹார்பர் வழியா ரோடு கெடக்கு. வேன்லயே போயி எறங்கலாம்."

விஜயகுமாரிக்குக் காது மடல் சூடானது. "மாத்த முடியாதுங்க்கா. மேனேஜர் குருசாமி சார் சைன் போட்டுட்டாரு."

"அப்பச் சரி. படகுலயே போவோம். நமக்கென்ன, காசா பணமா." சொல்லிவிட்டுக் கட்டுப்போட்டிருந்த வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த பேண்டேஜ் நுனியில் பழுப்பேறியிருந்தது. "திரும்ப ஒருக்கா வாசிங்க மேடம். அந்த மரத்தடியில படுத்துக் கெடக்குறது வருமே, அதுலருந்து."

அந்த விரல் நசுங்கியதும் ஜனவரி இருபத்தெட்டாம் தேதிதான். திங்கட்கிழமை கன்டெய்னர் ஏற்ற வேண்டியிருந்ததால் அந்த ஞாயிறு முழு ஷிப்ட் ஓடியது. முன்கேட்டைப் பூட்டிவிட்டுப் பின்பக்கக் கேட் வழியாக ஆட்களை விட்டார்கள். கார்டு பஞ்ச் பண்ணவில்லை. வந்தவர்கள் பெயரை ஒரு தனி நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டார்கள். பதினொன்றரை மணிக்கு ஸ்நாப் பட்டன் அடிக்கும் மிஷின் செல்லத்தாயின் விரல்மேல் இறங்கியது. விஜயகுமாரி அப்போது டீ பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அலறல் கேட்கவில்லை. "அய்யோ, பீஸ் கறையாயிருச்சே" என்று யாரோ சொன்னதுதான் கேட்டது. சொன்னது செல்லத்தாயேதான். கைக்கு அகப்பட்ட ஒரு மஞ்சள் குழந்தைச் சட்டையை எடுத்து விஜயகுமாரி அந்த விரலைச் சுற்றினாள். கம்பெனி ஆம்னி வேனில் ஏற்றி மடியில் அந்தக் கையை வைத்துக்கொண்டு போகும்போது மேனேஜர் குருசாமி போனில் கூப்பிட்டார். "இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு வேண்டாங்க கண்ணு. ஞாயித்துக்கெழம எப்படி அடிபட்டுச்சுன்னு நோண்டுவாங்க. பிரைவேட்டுக்கே போயிருங்க, நாம பாத்துக்கலாம்." தையல் போட்டார்கள். கம்பெனி பார்த்துக்கொண்டது. எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

பதினைந்து நாள் கழித்து அதே குருசாமிதான் சுற்றுலா அறிக்கையைக் கேட்டார். "ஊட்டி, கொடிவேரின்னு எல்லாக் கம்பெனிக்காரனும் எழுதறான். வேற ஏதாச்சும் எழுதுங்க. நீங்கதான் கதைப் புஸ்தகமா படிக்கறீங்களே. தேதி மட்டும் இருவத்தெட்டுன்னு போட்டுருங்க. அன்னிக்கு இங்க வேலையே நடக்கலீன்னு ஆயிரும் பாருங்க." அவர் அதைச் சொன்ன விதத்தில் தப்பு எதுவும் தெரியவில்லை. தலைவலிக்கு மாத்திரை சொல்வதுபோல்தான் சொன்னார்.

சாமளாபுரத்தில் விஜயகுமாரி வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிகள். சாயங்காலம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். விஜயகுமாரி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் நூலகத்திலிருந்து எடுத்துவந்து பஸ்ஸில் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எத்தனையோ தீவுகளுக்குப் போயிருந்தாள். குளிர்தேசத்துக்காரர்கள் அங்கே வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே வலைத்தொட்டில் கட்டிப் படுத்திருப்பார்கள். அவர்களுக்குக் கடிதங்கள்கூடத் தாமதமாகத்தான் வரும். அப்படி ஒரு நாளை நாற்பது பேருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. 'தீவில் மேற்கொண்ட செயல்பாடுகள்' என்று தலைப்பிட்டாள். கணுக்கால் நனைய நிற்றல். வெறுங்காலோடு கரை நெடுக நடத்தல். சேலையில் தூளி கட்டி ஆடுதல். மதியம் மரத்தடியில் உறங்குதல். ஒரு மணி நேரம் சும்மா இருத்தல். மறுநாள் குருசாமி அந்தக் கடைசி வரியில் விரல் வைத்து, "சும்மா இருந்ததையெல்லாமா ரிப்போர்ட்ல எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டு, சரி, இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். பிறகு பட்டியலில் இருந்த நாற்பது பேரிடமும் அதில் கையெழுத்து வாங்கினார்கள்.

யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுதும்போதுதான் செல்லத்தாயின் பெயர் வந்தது. பேனா நின்றது. மடியில் கனத்த அந்தக் கையும், சட்டையில் பரவிய ஈரமும் நினைவுக்கு வந்தன. பட்டியலில் இன்னும் முப்பத்தொன்பது பெயர்கள் இருந்தன. அவளை விட்டுவிட்டு வேறு யாரையாவது எழுதியிருக்கலாம். அன்றைக்கு அத்தனை வலி பட்டவள், காகிதத்திலாவது சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். 'செல்லத்தாய் இரண்டு கைகளாலும் சிப்பிகளை அள்ளி எல்லோருக்கும் காட்டினார்' என்று எழுதினாள். அந்த வரி நன்றாக வந்திருந்தது. மூன்று தரம் படித்துப் பார்த்தாள். அது பொய் என்பதும், யாரைப் பற்றிய பொய் என்பதும் மூன்று தரமும் தெரிந்தது. வரியை அடிக்கவில்லை.

ஆடிட்டுக்கு வந்தவர் சென்னைக்காரம்மா. பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலிகூட இல்லை, தமிழில்தான் பேசினார். கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு பட்டியலைப் பார்த்து அவராகவே பெயர்களைச் சொன்னார். நான்காவது பெயர் செல்லத்தாய். விஜயகுமாரி கேன்டீன் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டாள்.

"கையில என்னம்மா?"

"வீட்ல மீன் வெட்டும்போது பட்டுட்டு மேடம்."

அது குருசாமி சொல்லிக்கொடுத்த பதில். பிறகு சுற்றுலா பற்றிய கேள்வி வந்தது. படகு வந்தது, கணுக்கால் நனைந்தது, எல்லாம் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே வந்தன. "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று அந்தம்மா கேட்டார். அதற்கு விஜயகுமாரி பதில் எதுவும் தயார் செய்து கொடுத்திருக்கவில்லை. செல்லத்தாய் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"மத்தியானம் சாப்ட்டுட்டு மரத்தடியில படுத்தேன் மேடம். தூங்கிட்டேன். யாரும் எழுப்பல. நாங்க அந்தக் கடக்கரையிலதான் உப்பு வாரிக்கிட்டுக் கெடந்தோம், அஞ்சாறு வருசம். ஒருநாளும் அதுல ஒக்காந்ததில்ல. கால் வெந்துபோவும். அன்னைக்குத்தான் கடல்னா காத்து வரும்னு தெரிஞ்சுது. முழிச்சுப் பாத்தா வெயில் சாஞ்சிருக்கு. பயந்துட்டேன், லேட்டாயிட்டோன்னு. பொறவுதான் ஞாபகம் வந்துச்சு, வேல ஒண்ணும் இல்லலா."

ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கு ஒரு நிமிடம் அது நடந்ததாகவே தோன்றியது. தான் எழுதியதைவிட அவள் சொன்னது நன்றாக இருக்கிறது என்று முதலில் பொறாமை வந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது. அப்படி முதலில் பொறாமை வந்ததை நினைத்துப் பல நாள் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கம்பெனி பாஸாகிவிட்டது. முயல் தீவுச் சுற்றுலாவைத் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார்கள். சும்மா இருத்தல் என்ற யோசனை புதுமையாக இருக்கிறது என்றும் ஒரு வரி. குருசாமி ஆபீசுக்கு மைசூர்பாக் வாங்கிக் கொடுத்து, "அடுத்த வருசத்துக்கு இப்பவே இன்னொரு தீவு பாத்து வச்சுருங்க கண்ணு" என்றார்.

மார்ச்சில் செல்லத்தாயின் விரல் கறுத்தது. முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். மீதி விரல் மடங்கவில்லை. மிஷின் வேலையிலிருந்து அவளை எடுத்துப் பிசிறு வெட்டப் போட்டார்கள். கத்தரிக்கோலுக்குள் நுழைக்க விரல் போதாமல் இடது கையால் வெட்டி, ஒரு நாளில் ஆயம்மாள் வெட்டுவதில் கால்வாசிகூட அவளால் முடியவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். யாரோ சொல்லி, தொழிலாளர் காப்பீடு கொடுக்கும் இஎஸ்ஐ ஆபீசுக்குப் போனாள். வேலையில் பட்ட அடி என்று கம்பெனி விபத்து அறிக்கை கொடுத்தால், விரலைப் பார்த்துவிட்டு ஆயுள் முழுக்க மாதாமாதம் ஏதோ தருவார்களாம். திங்கட்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் நேராகக் குருசாமியிடம் போய் நின்றாள். விஜயகுமாரியும் அப்போது அந்த அறையில்தான் இருந்தாள்.

"எந்தத் தேதியிலீங்க அடிபட்டுச்சு?" என்று அவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்தார். "அன்னிக்கு நீங்க தூத்துக்குடியில இருந்தீங்களே அம்மா. ஆடிட்டுக்கு வந்தவங்ககிட்ட நீங்களே சொல்லியிருக்கீங்க. இதா, உங்க கையெழுத்துங்க."

செல்லத்தாய் தன் கையெழுத்தைப் பார்த்தாள். அதற்கு மேலே, இரண்டு கைகளாலும் சிப்பிகளை அள்ளி என்ற வரி இருந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படித்தாளா என்று தெரியவில்லை. விஜயகுமாரி கம்ப்யூட்டரில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் போதும், ஆம்னியில் கூடப் போனது நான்தான் என்று நான்கு வார்த்தை. குருசாமி அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் பேச மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் செல்லத்தாய் அவள் அறைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று விஜயகுமாரி நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"உக்காருங்க மேடம். நீங்க எதுக்கு எந்திரிக்கீங்க?" அவள் தன்னோடு ஒரு வெள்ளைத்தாள் கொண்டுவந்திருந்தாள். சுருளாமல் இருக்க ஒரு காலண்டர் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"செல்லத்தாயக்கா, நானு..."

"உள்ளதைச் சொல்லச் சொல்லி ஒங்களக் கேக்க மாட்டேன். சொன்னா ஒங்க வேலை போவும். கம்பெனி ஆர்டரு போயிரும். இங்க முந்நூறு பேரு இருக்கோம். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ரெண்டு நாளா ஒரே ரோசனைதான் மேடம். ராத்திரி எங்க வீட்டுக்காரர்ட்டயும் கேட்டுட்டேன். நாம முயல் தீவுக்குப் போனோம்லா?"

விஜயகுமாரி அவளைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"கம்பெனிதான கூட்டிட்டுப் போச்சு. கம்பெனி வேன்லதான போனோம். அங்ஙன வச்சு அடிபட்டாலும் வேலையில அடிபட்ட கணக்குதானாம், இஎஸ்ஐ ஆபீசு வாசல்ல மனு எழுதுத ஆளு சொன்னாரு. திரும்பி வாரப்போ வேன் கதவுல வெரலு நசுங்கிருச்சுன்னு இருந்தா யாருக்கும் ஒரு கொறையும் இல்லலா? நீங்க எழுதுனதும் பொய்யாவாது. மீன் வெட்டுனேன்னு ஆடிட்டுல சொன்னத இஎஸ்ஐயில யாரு கேக்கப் போறா? சாரும் சைன் போட்டுருவாரு."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தையல் லைனில் சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. விஜயகுமாரிக்கே தெரியாமல் உள்ளுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பொழுது சாய்கிறது. எல்லோரும் களைத்துப்போய் வேனில் ஏறுகிறார்கள். செல்லத்தாய் கடைசியாக ஒருமுறை கடலைத் திரும்பிப் பார்க்கிறாள், கை கதவின் விளிம்பில் இருக்கிறது. வரி தானாக அமைந்துகொண்டே வந்தது. நன்றாக வந்தது.

செல்லத்தாய் தாளை மேஜையில் விரித்தாள். காற்றில் அதன் ஒரு மூலை எழும்பியது. அவள் அதன்மேல் வலது உள்ளங்கையைப் பரப்பி அமுக்கிக்கொண்டாள். நான்கு விரல்கள் தாளில் படிந்திருக்க, அந்த ஒன்று மட்டும் படியாமல் குட்டையாக மேலே நின்றது.

"எழுதுங்க மேடம். பறக்காம நான் புடிச்சிக்கிடுதேன்."